நம் கடற்கரைக்கு நமக்கு எதற்கு வழிகாட்டி?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலமை நிறைந்த அறிஞர் பலர் பேசிய இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் கணக்கெழுதும் எம்மை அழைத்தமைக்கு எம் கல்வி காரணமன்று. சென்ற தை மாதத்தில் நம் காலனியைச் சேர்ந்த எழுவர், ஒரு ஜீப்பையும் ஒரு வழிகாட்டியையும் அமர்த்திக்கொண்டு, கிழக்கேகோட்டையிலிருந்து முட்டம் வரை கடலோரமாக ஒரு நாள் சென்று வந்தோம். அதைப் பற்றிச் சொல்லுமாறு செயலாளர் பணித்தார். அவர் பணித்தால் தட்டுவது அரிது என்பதைச் சந்தா கொடுக்கும் அன்பர் அனைவரும் அறிவர்.

நாங்கள் புறப்படுமுன்பே காலனியில் ஒரு பேச்சு எழுந்தது. "கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் சுமார் 13 கிலோமீட்டரில் கோவளம். நம் ஊர்க் கடற்கரையைப் பார்க்க நமக்கு வழிகாட்டியா? அது வெளிநாட்டார் செய்யும் வேலையல்லவா?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இரயில்வேயில் இருப்பவர் ஜீப் பிடிப்பதா என்று மற்றொருவரும் கேட்டார். அதற்கு விடை எளிது. 1979ஆம் ஆண்டு திறந்த கன்னியாகுமரிப் பாதை நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல் என்று உள்நாட்டிலேயே வளைந்து செல்கிறது. அந்த வண்டியின் சன்னலில் கடலைத் தேடுவது வீண். முதற் கேள்விக்கு விடை சொல்லவே இந்த உரை.

ஜீப்பும் வழிகாட்டியும் வைத்துக் கடற்கரை சுற்றும் வழக்கம் மேற்கிந்தியத் தீவுகளில் மிகுதி. கப்பலில் வந்து இறங்குவோரை அங்குள்ளவர்கள் தம் வண்டியில் ஏற்றி, மலையும் மணலும் காட்டி மாலையில் கொண்டுவந்து விடுகிறார்கள். அத்தீவுகளுள் மார்த்தினிக்கும் குவாதலூப்பும் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டவை. 1853ஆம் ஆண்டு முதல் மார்த்தினிக்குக்கும், 1854ஆம் ஆண்டு முதல் குவாதலூப்புக்கும், புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். குவாதலூப்பில் கபெஸ்தேர் என்னும் ஊரருகே சாங்கி என்ற இடத்தில் அவர்தம் வழிவந்தோரின் கோயில் இன்றும் நிற்கிறது. இப்பொழுது எண்ணிப் பாருங்கள். அத்தீவிற்குச் செல்லும் ஒருவர் கண்ணில் அக்கோயில் படுமா, படாதா என்பதை முடிவு செய்பவர் யார்? வண்டியை எங்கே நிறுத்துவது என்று அறிந்த வழிகாட்டிதான். கடல் எல்லார்க்கும் தெரியும்படி கிடக்கிறது. கரையில் நடந்ததோ ஒருவர் நின்று சொன்னால் மட்டுமே தெரிகிறது.

எங்கள் வழிகாட்டி விழிஞத்து மீனவர் குடும்பத்து இளைஞர். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. ஆங்கிலமும் நன்றாக வரும். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அவரைத் "தம்பி" என்றார். அவர் ஆசிரியரைச் "சாரே" என்றார். முதல் அரைமணி நேரம் அத்தம்பி வாய் திறக்கவே இல்லை. கேட்டதற்கு, "நீங்கள் இங்கேயே இருப்பவர்கள்தானே, உங்களுக்கு என்ன சொல்ல?" என்று நாணத்தோடு கூறினார். காலனிப் பெரியவர் கேட்ட அதே கேள்வி! மணக்காடும் அம்பலத்தறையும் கடந்து திருவல்லம் பாலம் வரும் வரை ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு சும்மா இருந்தோம்.

கோவளத்தில்தான் அவர் வாய் திறந்தார். நம் சிறுவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நீரை நோக்கி ஓடினர். தம்பி ஒரே பாய்ச்சலில் முன்னே போய்க் கைகளை விரித்து மறித்துக்கொண்டார். "இங்கே அலை உடைகிறது பாருங்கள். அதோ அங்கே உடையவில்லை, நீர் அமைதியாக இருக்கிறது. நீங்கள் எங்கே இறங்குவீர்கள்?" என்று கேட்டார். அமைதியாக இருக்கும் இடத்தில் என்று சிறுவர்கள் ஒருமுகமாகச் சொன்னார்கள். பெரியவர்களாகிய நாங்களும் மனத்துக்குள் அதையே சொன்னோம். "அங்கேதான் ஆள் போவது" என்றார். கரைக்கு வந்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வழி அது. அதனால்தான் அங்கே அலை உடைவதில்லை. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் சற்று நீந்தினால் இழுப்பு விட்டுவிடும். நீந்த இயலாதவர் மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்ட வேண்டும் என்று விளக்கினார். இத்தனை ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் இதை எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

காற்றும் மழையும் இல்லாத நாளிலே, எங்கோ தென்கடலில் எழுந்த புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து திடீரென்று கரையை விழுங்குவதும் உண்டாம். திருடனைப்போல் வருவதால் அதைக் 'கள்ளக்கடல்' என்பர் நம் கரையோர மீனவர். அச்சொல்லையே உலகத்து விஞ்ஞானிகளும் 2012 முதல் ஏற்றுக்கொண்டுள்ளனர். 2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் மாண்டது இத்தகைய அலையினால்தான். எச்சரிக்கை முன்னரே வெளியாகியிருந்தது. கரையில் நின்று அதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் அவர்களுக்கு வாய்க்கவில்லை. படித்தவர்கள், அறிவாளிகள், ஆயினும் கடல் அவர்களுக்கு அந்நியம். நமக்கும் அப்படியே.

கோவளத்தில் நெடுநேரம் தங்கவில்லை. 1972இல் எழுந்த சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்தைச் சிறுவர்க்காக ஏறிப் பார்த்தோம். 1932இல் அரச குடும்பத்தார் கட்டிய ஹால்சியன் மாளிகையைத் தூரத்தில் கண்டோம். மற்றவை கடைகள்.

அடுத்தது விழிஞம். தம்பியின் சொந்த ஊர். மீன்பிடித் துறையையும் புதிய துறைமுகத்தையும் அவர் காட்டிய முறையிலே பெருமையும் வருத்தமும் சம அளவில் இருந்தன. கரையை ஒட்டியே 18 மீட்டருக்குக் குறையாத இயற்கை ஆழமும், சற்றுத் தொலைவிலேயே உலகக் கப்பல் வழியும் அமைந்தமையால் இத்துறைமுகம் எழுந்தது. 2015இல் பணி தொடங்கி, 2024 ஜூலையில் முதற் பெருங்கப்பல் வந்து, 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கரை அரிக்கப்படுகிறது, வீடு போகிறது என்று 2022இல் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடியதையும் தம்பி மறைக்கவில்லை. "கப்பலைப் பார்க்க எல்லாரையும் கூட்டி வருவேன், சாரே, என் பாட்டியின் வீடு இருந்த இடத்தைக் கேட்டால் கடலைத்தான் காட்ட வேண்டும்" என்றார்.

துறைமுகத்துக்கு அருகிலேயே, சாலையோரம் ஒரு பாறை. அதில் ஒரு சிறு குகைக்கோயில். 8ஆம் நூற்றாண்டினது என்பர். உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் ஒருபுறம் திரிபுரம் எரித்தவனும் மறுபுறம் ஆடும் சிவனும், சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டுப் போனாற்போலப் பாதியில் நிற்கின்றன. "பழைய குகை, ஐந்து நிமிடம்" என்று தம்பி சொன்னார். அவ்விடத்தில் தமிழாசிரியர் ஐயா பேசத் தொடங்கினார். ஐந்து நிமிடம் ஒரு மணியாயிற்று.

விழிஞம் ஆய் மன்னர்களின் கடற்கோட்டை. பாண்டியன் நெடுஞ்சடையன் அக்கோட்டையை வென்றதைச் சீவரமங்கலச் செப்பேடு கூறுகிறது. பின்னர் இராசராச சோழனின் படை, கடலையே அகழியாகக் கொண்ட விழிஞத்தைக் கைக்கொண்டதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. முதற் குலோத்துங்கன் வெற்றிகளுள் விழிஞத்தையும் சாலையையும் கலிங்கத்துப்பரணி சேர்த்துப் பாடுகிறது. மதுரையும் தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் கண் வைத்த இத்துறைமேல் இன்று உலகத்துக் கப்பல்களும் கண் வைத்திருப்பதில் வியப்பென்ன என்று ஐயா கேட்டார். தம்பி வாய்பிளந்து நின்றார். "என் ஊருக்கா இவ்வளவு சண்டை?" என்றார்.

சாலை என்றவுடன் சிறுவன் ஒருவன், "நம்ம சாலைக் கடைத்தெருவா?" என்று கேட்டான். நாங்கள் சிரித்தோம், ஐயா சிரிக்கவில்லை. "அதற்கு அடுத்த தெருதான், அப்பா" என்றார். இராசராசன் கலமறுத்த காந்தளூர்ச் சாலை, நம் வலியசாலையே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. காந்தளூர் மகாதேவர் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. கிழக்கேகோட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம். நாள்தோறும் அவ்வழியே காய்கறி வாங்கப் போகிறோம். கலமறுத்தல் என்பது கப்பல்களை அழித்ததா, அன்றி மாணாக்கர் உண்ணும் கலங்களைப் பற்றிய ஏற்பாடா என்று அறிஞர் இன்றுவரை வாதிடுகிறார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் காந்தளூர்ச் சாலை என்று ஒரு நூலே எழுதினார். இதையெல்லாம் தம்பி கேட்டுவிட்டு, "எங்கள் வீட்டில் கலம் என்றால் சோற்றுக் கலம்தான், சாரே, வள்ளத்தை வள்ளம் என்போம்" என்று தம் வாக்கையும் போட்டார். ஐயா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இந்தச் செய்திகளை மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் யார்? 'மனோன்மணீயம்' இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இந்நகரில் தத்துவம் கற்பித்துக்கொண்டே கல்வெட்டுகளைத் தேடி அலைந்தவர்; திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைப் பற்றி 1894இல் நூல் வெளியிட்டவர். அவருக்குப் பின் தொல்பொருள் துறையை நடத்திய கோபிநாத ராவ் செப்பேடுகளை அச்சேற்றினார். இவர்கள் நம் தெருக்களில் நடந்தவர்கள். இவர்கள் தேடித் தந்ததை நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம் என்பதை ஐயா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சங்கடமாயிருக்கும்.

பூவாற்றில் நெய்யாறு கடலில் கலக்கும் இடத்தைப் படகிலிருந்து கண்டோம். ஆறு கடலைச் சேரும் வாயை இங்குப் 'பொழி' என்பார்கள். அடுத்த ஊரான பொழியூரின் பெயரிலேயே அச்சொல் நிற்கிறது. பொழியூரைக் கடந்தால் நீரோடி. தமிழ்நாடு அங்கே தொடங்குகிறது.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நாம் இப்பாலே இருந்தோம். கடலுக்கு அது தெரியாது. இருபுறமும் அதே வள்ளம், அதே கரமடி, அதே மாதா கோயில் மணி. மாறியது பெயர்ப்பலகை மட்டுமே. அதைக் கண்டதும் எங்களுடன் வந்த பத்து வயதுச் சிறுமி, வண்டியில் எழுந்து நின்று, நீ, ரோ, டி என்று எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசும் குழந்தை. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறாள். சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்ற எழுத்துகளைப் புத்தகத்துக்கு வெளியே, ஓர் ஊரின் பெயராக, அன்றுதான் முதன்முறை கண்டாளாம். அதன்பின் முட்டம் வரை ஒரு பலகையையும் அவள் விடவில்லை. சலூன், உரக்கடை, கல்யாண மண்டபம், மீன்வலை விற்பனை எல்லாம் எங்கள் காதில் விழுந்தன. தகப்பனார் முகத்தைப் பார்த்தோம். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை நெருக்கமாக மீனவர் ஊர்கள். தூத்தூர் அவற்றுள் பெயர் பெற்றது. அவ்வூரார் சுறா பிடிக்க ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குபவர்கள். அவர்தம் படகுகள் மேற்குக் கடற்கரைத் துறைமுகங்கள் பலவற்றுக்கும் செல்லும். சுற்றுலா வண்டிகள் இங்கே நிற்பதில்லை. பார்க்க ஒன்றுமில்லை என்பது கருத்து. தம்பி நிறுத்தச் சொன்னார். 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் வீசியபோது இவ்வூர்களின் படகுகள் முன்னரே நெடுந்தொலைவு சென்றுவிட்டன. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. குமரியிலும் திருவனந்தபுரத்துக் கரையிலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. பூந்துறையும் விழிஞமும் அழுத அதே நாளில் தூத்தூரும் சின்னத்துறையும் அழுதன. தம்பியின் சிற்றப்பா அப்படகுகளுள் ஒன்றில் இருந்து, நான்காம் நாள் மீட்கப்பட்டவர். அதைக் கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. ஐயாவும் அங்கே ஒன்றும் பேசவில்லை. அவருக்குத் தெரிந்த செப்பேடுகளில் இது இல்லை.

தேநீருக்குப் புதுக்கடையில் இறங்கினோம். எல்லைப் போராட்டத்தின்போது, 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள், துப்பாக்கிச் சூட்டில் தமிழர்கள் உயிர்நீத்த ஊர் அது. மார்ஷல் நேசமணியின் பெயரை நம் பெரியோர் அறிவர். பழைய மனத்தாங்கலைக் கிளறுவது எம் நோக்கமன்று. நம் அண்டை வீட்டார் நமக்கு உறவினரைப் போன்றவர்கள். ஆயினும் அவ்வூரில் வடை தின்றுவிட்டு, அங்கே நடந்தது தெரியாமல் சிறுவர்கள் வண்டி ஏறுவது முறையன்று என்று ஐயா இரண்டே வாக்கியத்தில் சொன்னார். மலையாளியாகிய தம்பியும் அமைதியாகக் கேட்டார்.

அதற்கு அண்மையில் பார்த்திபசேகரபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டு பெருமாள் கோயில் எழுப்பி, காந்தளூர் முறைப்படி 95 மாணாக்கர்க்கு ஒரு சாலையும் நிறுவினான். ஒருவரையொருவர் வைதாலும் அடித்தாலும் தண்டம் என்று அச்செப்பேடு விதிக்கிறது. இதைக் கேட்டதும் வண்டியின் பின்னிருக்கையில் நடந்துகொண்டிருந்த சச்சரவு நின்றது.

குளச்சலில் 1741 ஆகஸ்டு 10இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக் கம்பெனிப் படையை முறியடித்த நினைவுத்தூண் இருக்கிறது. சிறைப்பட்ட டிலனாய் பின் அம்மன்னனின் படைத்தலைவனாகி 1777இல் உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். அக்கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. நேரமின்மையால் அதைக் காணவில்லை. மணவாளக்குறிச்சியின் கருமணலை வண்டியிலிருந்தே பார்த்தோம். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலே 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் 'மாண்டில்' ஒளிர்வதற்கு வேண்டிய தோரியம் அதில் உண்டு. கல்யாண வீடுகளில் அவ்விளக்குக்குக் காற்றடித்த பெரியோர் இங்கு இருப்பர். முட்டத்துப் பாறைகளில் மாலை வெயில் சாய்ந்தது. 'அலைகள் ஓய்வதில்லை' படம் எடுத்த இடம் என்று தம்பி சொன்னவுடன், அதுவரை களைத்திருந்த தாய்மார்கள் அனைவரும் இறங்கினார்கள். செப்பேடுகளுக்கு இத்தனை வரவேற்பு இல்லை.

காலனிப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். வழிகாட்டி இல்லாமல் சென்றிருந்தால் கடலைப் பார்த்திருப்போம், அமைதியான நீரில் பிள்ளைகளை இறக்கியிருப்போம். வழிகாட்டியை மட்டும் நம்பிச் சென்றிருந்தால் குகைக்கோயிலில் ஐந்து நிமிடம் நின்றிருப்போம். கடலை அறிந்தவர் ஒருவரும் கல்வெட்டை அறிந்தவர் ஒருவரும் ஒரே வண்டியில் ஏறியது எங்கள் நல்வினை. இனிச் செல்வோர் அதை நல்வினைக்கு விட வேண்டா, கேட்டு அமர்த்தலாம்.

அமர்த்தும்போது கவனிக்கவேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறோம். வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பெழுத்து எண் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டத்துக்கு மாறு, விபத்து நேர்ந்தால் இன்சூரன்சும் கைகொடாது. எல்லை தாண்ட பெர்மிட் யார் செலவு, ஓட்டுநர் பேட்டா, பெட்ரோல், வண்டி நிறுத்தும் கட்டணம் ஆகியவை வாடகையில் அடங்குமா என்பதைப் புறப்படுமுன் எழுதி வாங்க வேண்டும். மணலில் வண்டியை இறக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லும் ஓட்டுநரை வேண்டா என்று விலக்குக. ஆமை முட்டையிடும் கரை அது, வண்டியும் புதையும். ஆனி, ஆடி, ஆவணியில் போகவேண்டா. பத்மநாபபுரம் அரண்மனையைச் சேர்ப்பதாயின் திங்கட்கிழமை விடுமுறை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தும் அதைப் பேணுவது கேரள அரசு என்பது சிறுவர்க்குச் சொல்லத்தக்க செய்தி.

வரும் மாசியில் சங்கத்தின் சார்பில் இரண்டு வண்டிகள் புறப்பட இருக்கின்றன. அதே தம்பி வர இசைந்திருக்கிறார். ஐயா சொன்ன ஆண்டுகளையெல்லாம் மலையாள எழுத்தில் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். ஐயாவும் வருவார். ஒரு வண்டிக்கு எழுவர். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் சிறுவர்க்கு முதலிடம். இடம் எஞ்சினால் பெரியோர்க்கு. பெயர் தருவோர் பொங்கலுக்குள் செயலாளரிடம் தருக. சன்னலோர இருக்கை எல்லாருக்கும் கிடையாது.